லைனரின் முதுகில் இருந்த துருக்கோடு

ஒரே இன்ஜினை இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை இறக்கினேன். இரண்டாவது முறை இறக்கியிருக்கவே வேண்டியதில்லை. முதல் முறை கழற்றியபோதே விடை என் பட்டறையில், ஒரு சாக்குப் பைக்குள் கிடந்தது. அதை நான் எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. நடந்தது மனத்தில் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

போடிநாயக்கனூரில், மலையடிவாரத்தில், இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் முக்கால்வாசி ஜீப். விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் போகும், பொழுது சாயும்போது இறங்கி வரும். 17 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு ஏறும்போது முதல், இரண்டாம் கியரில்தான் இன்ஜின் உறுமிக்கொண்டே போக வேண்டும். சமவெளியில் ஐந்து ஆண்டு தாங்கும் இன்ஜின் இங்கே அதில் பாதி தாங்கினாலே பெரிது.

இந்த ஜீப் கேரளப் பக்கத்துப் பூப்பாறைக்காரருடையது. தமிழர்தான், வண்டி கேரளப் பதிவு. நான்கு சிலிண்டர் டிஐ (டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும்) இன்ஜின், 2523 சிசி, போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 88.9 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 101.6 மி.மீ. அவர் சொன்ன குறை இதுதான்: "அண்ணே, மெட்டு ஏறி இறங்கினால் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. கீழே ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இரவு முழுக்க நின்றால் குறைவதில்லை." அதற்கு ஐந்து மாதம் முன்பு வேறொரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் (மேலே இருக்கும் ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) மாற்றியிருந்தார்கள். அதனால் சரியாகவில்லை.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். முனையில் காப்பி நிறத்தில் குழைந்திருந்தது. வண்டியை இரவு முழுக்க ஆடாமல் நிறுத்திவிட்டு, காலையில் சம்பின், அதாவது அடியில் ஆயில் தங்கும் தொட்டியின், வடிகால் போல்ட்டை முழுவதும் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்தினேன். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தேன். மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதன் மேல் ஆயில். ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்பது உறுதியானது. எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

இன்ஜினை இறக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பானெட், ரேடியேட்டர், டீசல் குழாய்கள், செல்ஃப் மோட்டார், கியர் பாக்ஸ் போல்ட்டுகள், பிறகு ஒரு டன் செயின் பிளாக். நானும் பையனும் சேர்ந்து நான்கு மணி நேரத்தில் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம்.

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் கால் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரே போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றினால் ஹெட் வளையும். ஹெட்டைத் தூக்கியதும் நான் முதலில் பார்ப்பது கேஸ்கட்டைத்தான். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் வெயிலில் பிடித்து இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். வெடிப்புக் காற்று வெளியேறியிருந்தால், துளையைச் சுற்றி இருக்கும் நெருப்பு வளையத்தைக் கடந்து கரிக்கோடு ஓடியிருக்கும். தண்ணீர் கசிந்திருந்தால் துருக்கறை இருக்கும். இதில் இரண்டும் இல்லை. வளையங்கள் நான்கும் முழுதாக, பளபளப்பாக இருந்தன. தண்ணீர் மேலே ஹெட் வழியாக வரவில்லை, கீழே எங்கோ பிளாக்கிலிருந்து வருகிறது என்று கேஸ்கட் அன்றைக்கே சொல்லிவிட்டது. நான் அதைக் கேட்டேன், ஆனால் முழுதாகக் கேட்கவில்லை.

பிஸ்டனை மேலே தள்ளி எடுக்கும் முன் ஒவ்வொரு துளையின் உச்சியிலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பிஸ்டன் ரிங் போகாத இடத்தில் தேயாமல் நிற்கும் திட்டு நகத்தில் தட்டியது. மூன்றாவதில் நன்றாகவே தட்டியது. அதை முதலில் சுரண்டி எடுக்காமல் பிஸ்டனைத் தட்டினால் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும். பிஸ்டன் மாற்றத்தானே போகிறோம் என்று சிலர் அடித்துத் தள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த பிஸ்டனும் ஒரு சாட்சி. அதன் பாவாடைப் பகுதியில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்று தெரியும். உடைத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

அடுத்தது நான் செய்த முதல் தவறு. கனெக்டிங் ராடு மூடிகளுக்குப் பஞ்ச் வைத்து எண் அடித்தேன். கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் மூடிகளுக்கு மட்டும், பஞ்ச் கைக்கு எட்டவில்லை என்று, மஞ்சள் பெயின்ட்டில் எண் எழுதினேன். மறுநாள் பிளாக்கைக் கொதிக்க வைக்கும்போது மூடிகளையும் அதே பீப்பாயில் போட்டுவிட்டேன். காஸ்டிக் சோடா பெயின்ட்டைச் சுத்தமாகத் தின்றுவிட்டது. ஒவ்வொரு மூடியும் அதனதன் இடத்தில் இறுக்கி வைத்துத்தான் தொழிற்சாலையில் ஒரே கோட்டில் குடையப்படுகிறது. இடம் மாறினாலோ திரும்பி உட்கார்ந்தாலோ கிராங்க் சுற்றாது, சுற்றினாலும் மெட்டல், அதாவது பேரிங் ஓடு, ஒரு மாதத்தில் போய்விடும். ஒவ்வொரு மூடியையும் ஒவ்வோர் இடத்திலும் இறுக்கி, துளை அளக்கும் போர் கேஜால் அளந்து, சேரும் விளிம்பில் நகம் தட்டாமல் வழுக்குகிறதா என்று பார்த்துப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் போனது. 5 மி.மீ. எண் பஞ்ச் ஒரு செட் 350 ரூபாய். அன்று மாலையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயை மேலே வெட்டி, பிளாக் மூழ்குமளவு தண்ணீர் விட்டு, ஐந்து கிலோ காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறி முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். அலுமினியப் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது, அரித்துவிடும். கேம் ஷாப்ட் புஷ்களை மாற்றப் போவதில்லை என்றால் அவற்றையும் சோடா அரிக்கும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். விறகு போட்டு நான்கு மணி நேரம் கொதிக்க வைத்தேன்.

கொதிக்கும் முன்பே, பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் தகட்டு மூடிகளை, எங்கள் பக்கம் வாட்டர் பிளக் என்போம், தட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் கழுவினால் தண்ணீர் ஓடும் அறைக்குள் இருக்கும் சேறு அங்கேயே இருக்கும். நான்காவது சிலிண்டரின் பின்பக்க அறையில் விரலை விட்டபோது சுவர் தட்டுப்படவில்லை, உப்புப் படிவம்தான் தட்டுப்பட்டது. கம்பியால் கிளறிக் கொட்டியதில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய வந்தது. போடியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மேலே ஓடைத் தண்ணீர், இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். ஆயில் ஓடும் துளைகளின் முனைத் திருகுகளையும் கழற்றி, நீண்ட தூரிகை விட்டு, டீசல் பீய்ச்சி, கடைசியில் காற்று அடித்தேன். ஒரு துளையிலிருந்து பழைய நூல் வேஸ்ட் துண்டு ஒன்று வந்தது. யாரோ எப்போதோ துடைத்தது. அது பேரிங் வரை போகாமல் வளைவிலேயே சிக்கி நின்றிருந்தது.

பிறகு அளவு. போர் கேஜை 88.9க்கு மைக்ரோமீட்டரில் சரிசெய்து, ஒவ்வொரு துளையிலும் மூன்று ஆழத்தில், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு திசையில், மொத்தம் 24 அளவுகள். சுவரில் கட்டம் போட்டுச் சாக்பீஸால் எழுதினேன். ஒன்றையும் இரண்டையும் நண்பகலில், பிளாக் வெயிலில் இருந்தபோது அளந்தேன். மூன்றையும் நான்கையும் மாலையில். மறுநாள் காலையில் சந்தேகத்துக்கு ஒன்றைத் திரும்ப அளந்தால் 0.02 மி.மீ. குறைகிறது. இரும்பு விரிந்திருந்தது, அவ்வளவுதான். 89 மி.மீ. துளை 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அந்த அளவு விரியும். இருபத்து நான்கையும் அழித்துவிட்டு, பிளாக்கும் கருவிகளும் இரவெல்லாம் ஒரே இடத்தில் கிடந்த பிறகு, விடியற்காலையில் திரும்ப அளந்தேன். அரை மணி நேரம்தான் ஆனது.

மூன்றாவது சிலிண்டர்தான் மோசம். மேலே, ரிங் திரும்பும் இடத்தில், கிராங்குக்குக் குறுக்காக 89.24; நீளவாக்கில் 89.16, அடியில் 88.96. மேலுக்கும் கீழுக்கும் 0.28 வித்தியாசம், 0.08 நீள்வட்டம். மற்ற மூன்றும் 89.15ஐத் தாண்டவில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம் தேய வேண்டும்? இந்தக் கேள்வியை நான் சுவரில் எழுதினேன். விடை தேடவில்லை. கிராங்கிலும் மூன்றாவது பிக் எண்ட்தான், அதாவது கனெக்டிங் ராடு பிடிக்கும் இடம்தான், 0.06 நீள்வட்டம். அதையும் எழுதினேன்.

பிளாக்கின் மேல்முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ச்சட்டம்) வைத்து, நீளத்தில், அகலத்தில், மூலைக்கு மூலை, இடைவெளி பார்க்கும் மெல்லிய பீலர் தகடு விட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 0.10 தகடு நுழைந்தது. லேசாக முகம் சீவ வேண்டும்.

விரிசல் சோதனை. மண்ணெண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊற விட்டு, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை எல்லா இடத்திலும் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்ப வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் கோடு காட்டும். எளிய முறை, கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கு நல்ல முறை. வெளிச்சுவரிலும் மேல்முகத்திலும் கோடு விழவில்லை. அடுத்து, 6 மி.மீ. தகட்டில் மூடிகள் வெட்டி, லாரி டியூப் ரப்பரை நடுவில் வைத்து, தண்ணீர்த் துளைகளையெல்லாம் அடைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஒரு கிலோ காற்று ஏற்றினேன். கால் மணி நேரத்தில் கேஜ் முள் மயிரிழை இறங்கியது. டியூப் ரப்பர் ஓரத்தில் கசிகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நான் செய்த பிழைகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இந்த பிளாக்கில் இருப்பது ட்ரை லைனர். தண்ணீர் நேராக லைனரைத் தொடாது; பிளாக்கின் சொந்தத் துளைச் சுவர் நடுவில் இருக்கிறது, அதற்குள் மெல்லிய சட்டை போல லைனர் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. பழைய லைனர் உள்ளே இருக்கும்போதே நான் காற்று ஏற்றினேன். பிளாக் சில்லென்று இருக்கும்போது ஏற்றினேன். ஒரு கிலோதான் ஏற்றினேன். சுவரில் விரிசல் இருந்தாலும் லைனர் அதை மூடிக்கொண்டிருக்கும், குளிர்ந்த இரும்பில் விரிசல் வாய் இறுகியிருக்கும், அவ்வளவு குறைந்த அழுத்தம் அதைத் திறக்காது. முள் இறங்கியதை மட்டும் ரப்பரின் கணக்கில் எழுதினேன்.

அது காய் பறிக்கும் பருவம். உரிமையாளர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வாடகை போகிறது, தோட்டத்துக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு வேறு ஜீப்பில் இடம் தேட வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டேன். பிளாக்கைத் தேனியில் லேத் பட்டறைக்கு அனுப்பி, லைனரை உருவி, புதிது ஏற்றி, போர் செய்து (துளையை அளவுக்குக் குடைந்து), ஹோனிங் செய்து (உள்சுவரைக் கல்லால் தேய்த்து), முகம் சீவித் தரச் சொன்னேன். நான் கூடப் போகவில்லை. அவர்கள் கேட்ட வேலையை ஒழுங்காகச் செய்து, பழைய லைனர் நான்கையும் ஒரு சாக்கில் கட்டி, பிளாக்கோடு அனுப்பினார்கள். சாக்கை மூலையில் வைத்தேன்.

இன்ஜினைக் கவனமாகத்தான் கோத்தேன். கிராங்கை 0.25 தேய்த்து அதற்கேற்ற மெட்டல் போட்டேன். நசுங்கும் அகலத்தில் இடைவெளி காட்டும் பிளாஸ்டிகேஜ் நூல் வைத்துப் பார்த்தேன், மெயினில் எல்லாம் 0.06. ரிங் வாய்களைத் திசை மாற்றி வைத்தேன். டார்க் ரெஞ்சால் மூன்று கட்டமாக ஹெட்டை இறுக்கினேன். சத்தம் பட்டுப் போல இருந்தது. ஆறாவது நாள் உரிமையாளர் வந்து நின்றார். குச்சியில் மறுபடியும் காப்பி நிறம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹெட், கேஸ்கட், ஆயில் கூலர் என்று எதை நினைத்தாலும் கேஸ்கட் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது: மேலே இல்லை. விடிந்ததும் மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தேன். நான்கு லைனர்களையும் துடைத்து, உள்பக்கத்தை அல்ல, முதுகைப் பார்த்தேன். மூன்று லைனர்களின் முதுகு சாம்பல் நிறத்தில், பிளாக்கோடு ஒட்டியிருந்த தடத்தோடு, சுத்தமாக இருந்தது. மூன்றாவது லைனரின் முதுகில் மேலிருந்து நாலு விரல் கீழே தொடங்கி அடிவரைக்கும் பழுப்புத் துருக்கோடு. தண்ணீர் வழிந்த தடம். ஆற்று மணலில் ஓடை வழிந்த வடு எப்படி இருக்குமோ அப்படி.

இன்ஜினைத் திரும்ப இறக்கி, லைனர்களை இந்த முறை என் கண் முன்னால் உருவச் செய்து, வெறும் பிளாக்கை மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பட்டறையில் சூடான தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்து அழுத்தச் சோதனை செய்கிறார்கள். கட்டணம் 1,200 ரூபாய். தொட்டியில் ஏறத்தாழ 75 டிகிரி, மூன்று கிலோ காற்று. முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிளாக் முழுக்கச் சூடேறிய பிறகு மூன்றாவது துளையின் சுவரில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒரு வரிசையாக ஏறின. சாக்பீஸால் சுற்றிக் குறித்தார்கள். அளந்தால் 38 மி.மீ. நீளம், செங்குத்து. லைனர் முதுகில் துருக்கோடு தொடங்கிய அதே உயரம்.

எப்படி வந்தது? ஓட்டுநர் தம்பியிடம் மூன்றாவது முறை தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னான். வண்டி என்னிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு பதினோராவது வளைவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது. ஆவி அடங்கு முன்பே, பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன என்று, ஹோஸைக் கட்டி, ஓடைத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றியிருக்கிறான். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் சில்லென்ற தண்ணீர். மூன்றாவது சிலிண்டர் அன்று ரிங் கடித்திருக்க வேண்டும். அதன் தேய்மானம் தனித்து நின்றதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சுவரில் எழுதிய கேள்விக்கு விடை கிடைத்தது, ஆறு வாரம் தாமதமாக. அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. இன்ஜினை அணைத்து அரை மணி ஆற விட வேண்டும், பிறகு இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

இனி என்ன செய்வது? விரிசலுக்கு வெல்டிங் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மெல்லிய துளைச் சுவரில் வெல்டிங் சூடு புதிய விரிசலைக் கொண்டுவரும். சூடில்லாமல் திருகு முளைகளை வரிசையாக ஏற்றித் தைக்கும் முறை இருக்கிறது. வெளிச்சுவர் என்றால் அதைத்தான் தேர்ந்திருப்பேன். அதற்கு ஆதரவாக இன்னொரு காரணமும் இருந்தது: இன்ஜின் எண் பிளாக்கில் இருக்கிறது. பிளாக்கை மாற்றினால் எண் மாறும், ஆர்.சி. புத்தகத்தில் திருத்த வேண்டும்; கேரளப் பதிவு வண்டி தினமும் சோதனைச் சாவடி தாண்டுகிறது, காகிதம் சரியில்லாமல் ஒரு நாளும் ஓட முடியாது. இரண்டையும் உரிமையாளரிடம் சொன்னேன். "அண்ணே, இந்த வண்டியில் மலை ஏறுகிறவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள். உங்களுக்கு எது மனத்துக்குப் படுகிறதோ அதைச் செய்யுங்கள், காகித அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிளாக்கை மாற்றுவது என்று முடிவானது.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய வண்டி உதிரிபாகக் கடைகளில் தேடினேன். ஸ்ட்ரெயிட் எட்ஜ், பீலர் தகடு, போர் கேஜ், டார்ச், கம்பித் தூரிகை, சிறு புட்டியில் மண்ணெண்ணெய், ஒரு பெட்டி சாக்பீஸ் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். முதல் பிளாக்கில் மெயின் மூடி ஒன்று வேறு இன்ஜினுடையது. கடைக்காரர், "மூடி ஒன்றுதானே, எங்கும் கிடைக்கும்" என்றார். கிடைக்கும், ஆனால் பொருந்தாது; எல்லாவற்றையும் திரும்பக் கோடு சேர்த்துக் குடைய வேண்டும். இரண்டாவது பிளாக்கின் பக்கச் சுவரில் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தது. தூரிகையால் தேய்த்தால் அடியில் வெல்டிங் திட்டு. எப்போதோ ராடு உடைந்து வெளியே வந்த ஓட்டை. மூன்றாவதற்கு மூடிகள் ஐந்தும் அதனதன் எண்ணோடு இருந்தன, மேல்முகத்தில் 0.05 தகடு நுழையவில்லை, இன்ஜின் எண்ணைச் சுற்றி ராவிய தடம் இல்லை. 14,500 ரூபாய், எண்ணைக் குறிப்பிட்டு முறையான பில்லோடு. அழுத்தச் சோதனையில் தவறினால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கினேன். லாரிக் கட்டணம் 600.

இம்முறை வரிசையை மாற்றினேன். முதலில் பிளக்குகளைத் தட்டி எடுத்துக் கொதிக்க வைத்தேன். மூடிகள் ஒவ்வொன்றும் பஞ்ச் எண்ணோடு, அதனதன் இடத்திலேயே கையால் இறுக்கியபடி பீப்பாய்க்குள் போயின. அடுத்து லைனர்களை உருவச் செய்து, பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முதுகையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். நான்கும் சாம்பல் நிறம். பிறகு வெறும் பிளாக்கை மதுரைக்கு எடுத்துப்போய்ச் சூட்டுச் சோதனை. ஒரு மணி நேரம் தொட்டியில் கிடந்தது, ஒரு குமிழி வரவில்லை. அதற்குப் பிறகுதான் பிளாக்கின் சொந்தத் துளைகளை அளந்தேன், அதற்குப் பிறகுதான் லைனர் வாங்கக் கடைக்குப் போனேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை: பிஸ்டன் லைனர் செட் 11,800, லைனர் ஏற்றிப் போர் செய்ய சிலிண்டருக்கு 450 வீதம் 1,800, கிராங்க் 2,400, மெட்டல்கள் 3,600, கேஸ்கட் செட் 2,700, ஆயில் 2,450, முகம் சீவ 900; மொத்தம் 25,650 ரூபாய். இரண்டாம் முறை பழைய பிளாக்குக்கும் புதிய பிளாக்குக்கும் சோதனை 2,400, பிளாக் 14,500, லாரி 600. இவை உரிமையாளருடையவை. இன்னொரு முறை வாங்க வேண்டி வந்த லைனர் 5,200, ரிங் 2,300, போர் வேலை 1,800, கேஸ்கட் 2,700, ஆயில் 2,450, ஆக 14,450 ரூபாயை நான் ஏற்றுக்கொண்டேன், கூலியும் வாங்கவில்லை. ஆறு நாளே ஓடிய பிஸ்டன்கள் அளவில் சரியாக இருந்ததால் அவை பிழைத்தன. 1,200 ரூபாய்ச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் இந்த 14,450 என் கையில் இருந்திருக்கும்.

ஒரு விஷயம் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. போடியிலிருந்து மதுரைக்குப் பிளாக்கை ஏற்றி இறக்க ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போகிறது. பட்டறையிலேயே ஒரு தொட்டி கட்டலாம் என்று பார்க்கிறேன். அதற்கு 10 மி.மீ. தகட்டில் இந்த இன்ஜினுக்கென்று மூடிகள், சூடு தாங்கும் ரப்பர், அடியில் விறகு அடுப்பு. மூடித் தகடுகளுக்கு மட்டும் இதுவரை 2,800 ரூபாய் செலவாகியிருக்கிறது. டியூப் ரப்பரை இனி நம்புவதில்லை.

புதிய பிளாக்கோடு வண்டியை முதல் முறை மலை ஏற்றியபோது நானும் கூடப் போனேன். ரேடியேட்டர் மேல்தொட்டியின் உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கீறல் போட்டிருந்தேன். இந்த முறை வெறும் தண்ணீர் இல்லை, கூலன்ட்டும் நன்னீரும் பாதிக்குப் பாதி. போடிமெட்டில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆற விட்டு, மூடியைத் துணி போட்டுத் திறந்தோம். நீர் கீறலில் நின்றது. ஓட்டுநர் தம்பி அதன் பிறகு ஐந்து நாட்கள், கேட்காமலே, மாலையில் கீழே இறங்கியதும் பட்டறை வாசலில் நிறுத்தி மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போனான்.

ஆயிரம் கிலோமீட்டரில் ஹெட்டைத் திரும்ப இறுக்கி ஆயில் மாற்றினோம். வடித்த ஆயிலை, முன்பு தண்ணீர் பிடித்த அதே கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, ஜன்னல் ஓரத்தில் ஆடாமல் வைத்தேன். மறுநாள் காலையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். மேலிருந்து அடிவரை ஒரே கறுப்பு.